முதலிடம் பிடித்த வருடம்

செப்டம்பர் 9, செவ்வாய்

பட்டியல் வெளியாகிவிட்டது. குடித்துக் கும்மாளம் போடுவதில் பெயர்பெற்ற பல்கலைக்கழகங்களில் இந்த வருடம் நாட்டிலேயே எங்களுக்குத்தான் முதலிடம். போன வருடம் ஐந்தாவதாக இருந்தோம். காலையில் செய்தி வந்தது. மதியத்துக்குள் புத்தகக் கடை வாசலில் ஒருவன் பெரிதாக ஒன்று என்று அச்சடித்த பனியன்களை விற்றுக்கொண்டிருந்தான்.

நீல் எங்களை எல்லாம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். சேர்க்கை அலுவலகத்தில் அவர்தான் எங்களுக்கு மேலாளர். பிள்ளைகளை இங்கே சேர்க்கலாமா என்று பார்க்க வரும் பெற்றோருக்கு வளாகத்தைச் சுற்றிக் காட்டுவது எங்கள் வேலை. பத்து வருடம் முன்னால் அவரும் இதே சிவப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு நடந்தவர்தான். இனி யாராவது பட்டியலைப் பற்றிக் கேட்டால் சொல்லவேண்டிய பதிலைத் தாளில் அச்சடித்தே கொடுத்தார். "எங்கள் மாணவர்கள் படிப்பையும் பொழுதுபோக்கையும் சமமாக வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்கள்." சிரித்துக்கொண்டே சொல்ல வேண்டுமாம். ஆனால் ரொம்பச் சிரிக்கக் கூடாதாம்.

மூன்று வருடமாகக் கூட்டத்தைப் பார்த்தபடி பின்பக்கமாக நடக்கிறேன். கெண்டைக்கால் இரண்டும் கல்லாகிவிட்டது. நீல் என்னை மட்டும் நிறுத்தி, மே மாதம் படிப்பு முடிந்ததும் அலுவலகத்தில் ஓர் இடம் காலியாகிறது, உன் பெயரைத்தான் சொல்லியிருக்கிறேன் என்றார். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். உட்கார ஒரு நாற்காலி கிடைக்கும் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தால் என்னோடு தங்கியிருக்கும் ஷெல்பி அந்தப் பனியனைப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். எனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறாள்.

"நாலு வருஷ உழைப்புடி. இதுல நம்ம பங்கும் இருக்குல்ல?"

சிரித்துவிட்டேன். அவள் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். ஒன்றாம் வகுப்பிலிருந்தே அப்படித்தான்.


செப்டம்பர் 13, சனி

ஆட்ட நாள். எங்கள் கால்பந்து அணி இங்கே ஆடுகிறது. காலை ஏழரைக்கே எதிர்வீட்டுக் கூரைமேல் பையன்கள், கையில் பீர் ஊற்றிய சிவப்புக் கோப்பைகளோடு. இன்று சுற்றிக் காட்டும் வேலை இல்லை. தூக்கமும் இல்லை.


செப்டம்பர் 15, திங்கள்

நாங்கள் கூட்டிப்போகும் வழி ஏரியைச் சுற்றி, நூலகம் வழியாக, புது விளையாட்டரங்கத்தில் முடியும். நான் குடியிருக்கும் தெரு அந்த வழியில் வராது. வரவே கூடாது. திங்கள் காலை ஒன்பதுக்குள் துப்புரவு வண்டி வந்து புல்வெளிகளில் கிடக்கும் டின்களையெல்லாம் வாரிவிடும். அதற்குப் பிறகுகூட அந்தப் பக்கம் திரும்பாதே என்று நீல் சொல்லியிருக்கிறார். இன்று ஒரு அம்மா, "அந்தப் பக்கம் என்னம்மா இருக்கு?" என்று கேட்டாள். "வீடுங்கதான்" என்றேன். பொய் இல்லை.


செப்டம்பர் 24, புதன்

எழுதிவைக்கிறேன். எழுதினால் கொஞ்சம் வெட்கமாவது வரும்.

திங்கள், புதன், வெள்ளி காலையில் எங்களுக்கு உயிரியல். நூற்றைம்பது பேர் உட்காரும் அறை. ஆளுக்கொரு கிளிக்கர் உண்டு. திரையில் கேள்வி வரும், பொத்தானை அழுத்த வேண்டும். அதுதான் வருகைப்பதிவு, அதுதான் மதிப்பெண். கடைசி வருடத்தில் நானும் ஷெல்பியும் சேர்ந்து எடுத்த ஒரே பாடம் இது. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சிரிக்கலாம் என்றுதான் எடுத்தோம்.

இன்று அவள் இந்த வகுப்புக்கும் வரவில்லை. அவளுடைய கிளிக்கர் சமையலறை மேசையில் கிடந்தது. நான் எடுத்துக்கொண்டு போனேன். அவள் கேட்கவில்லை. நானாகத்தான். இரண்டு கையிலும் ஒவ்வொன்று. இன்று அவளுக்குச் சரியான விடையை அழுத்திவிட்டு எனக்குத் தப்பாக அழுத்திவிட்டேன்.

மற்ற நான்கு வகுப்புகளுக்கும் அவள் போவதில்லை என்று நினைக்கிறேன். கேட்டால் "நாளைலேர்ந்து" என்கிறாள்.


அக்டோபர் 5, ஞாயிறு

டோரீன் கூப்பிட்டாள். ஷெல்பியின் அம்மா. எங்கள் ஊரில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். என் அம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் இரவு வேலை. அதனால் பன்னிரண்டு வருடம் டோரீன் ஓட்டிய பேருந்தில் ஏறி, டோரீன் வீட்டில் இறங்கி, டோரீன் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். அவளிடம் பொய் சொல்வது எனக்கு வராது என்று நினைத்திருந்தேன்.

"அவ போனே எடுக்க மாட்டேங்குறா கண்ணு. நல்லாத்தானே இருக்கா?"

லைப்ரரியிலேயே கிடக்கிறாள், கடைசி வருடமில்லையா, போனை அணைத்து வைத்திருப்பாள் என்றேன். எவ்வளவு சுலபமாக வருகிறது. நாள் முழுக்க அச்சடித்த பதிலைச் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டதோ?

"நீ கூட இருக்கறதால எனக்குக் கவலையில்ல" என்றாள் டோரீன். அடுத்த ஞாயிறும் கூப்பிடுகிறேன் என்றாள்.

ஷெல்பி அப்போது மாடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். பிற்பகல் மூன்று மணி.


அக்டோபர் 14, செவ்வாய்

இன்றைய கூட்டத்தில் ஒரு அப்பா. அவரும் இங்கே படித்தவராம். வயிறு முட்டப் பழைய கல்லூரிச் சட்டை. பட்டியலைப் பற்றி யாரோ கேட்க, நான் பதிலை ஒப்பித்தேன். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "எங்க காலத்துல எவ்வளவு குடிச்சும் மூணாவது எடத்துக்கு மேல போக முடியலம்மா. நீங்க சாதிச்சுட்டீங்க" என்றார். கூட்டமே சிரித்தது. அவருடைய மகன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் சிரித்தேன். பல் தெரியாமல்.


அக்டோபர் 22, புதன்

காலை எட்டே கால். வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அதிசயமாக ஷெல்பி எழுந்து சமையலறையில் உட்கார்ந்திருந்தாள், கையில் காப்பிக் கோப்பை. இன்றைக்கு வருகிறாள்போல என்று மனம் லேசாகிவிட்டது. காப்பி இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தேன். அவள் கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தேன்.

காப்பி இல்லை. வோட்கா. தண்ணீர்கூடக் கலக்கவில்லை.

நான் துப்பியதைப் பார்த்து அவள் சிரிக்கத் தொடங்கினாள். சிரித்து முடித்ததும் கை நடுங்குவதைப் பார்த்தேன். அவளும் நான் பார்ப்பதைப் பார்த்தாள். மேசைக்கு அடியில் கையை ஒளித்துக்கொண்டாள்.

குடிக்காவிட்டால் நடுக்கம் நிற்கவில்லை என்று அவளே சொன்னாள். எத்தனை நாளாக என்று கேட்டேன். கோடையிலிருந்து என்றாள். மாணவர் மருத்துவமனைக்குப் போகலாம், இப்போதே, நான் வகுப்பை விட்டுவிடுகிறேன் என்றேன்.

"போய் என்னன்னு சொல்றது? இந்த ஊருல எல்லாருந்தான் குடிக்கிறான். எல்லாரும் குடிக்கிற எடத்துல நான் மட்டும் எப்படிடி குடிகாரி?"

அச்சடித்த தாளில் இதற்கு ஒன்றும் இல்லை.

அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். செய்து கொடுத்தேன். ஏன் குடுத்தேன்? எனக்கே தெரியல. அவ கெஞ்சி நான் பாத்ததே இல்ல. அதான்.

வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம். இரண்டு கிளிக்கரையும் அழுத்தினேன்.


அக்டோபர் 26, ஞாயிறு

டோரீன் கூப்பிட்டாள். லைப்ரரி என்றேன்.


நவம்பர் 5, புதன்

உயிரியல் வகுப்பில் பேராசிரியர் கேள்வியைப் போட்டுவிட்டு, இரண்டு உதவியாளர்களை விட்டுத் தலைகளை எண்ணச் சொன்னார். நூற்று இருபத்தெட்டு தலைகள். திரையில் அவர் எதிர்பார்த்தது நூற்று முப்பத்தேழு விடைகளாம். போன வகுப்பில் அத்தனை வந்ததாம். ஒன்பது விடைகளுக்கு ஆளே இல்லை. அவர் கத்தவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, அடுத்தவருக்காக அழுத்துகிறவர்களும் மோசடிக்காரர்கள்தான், கண்டுபிடித்தால் டீனிடம் போகும் என்றார்.

நான் அவள் கிளிக்கரைப் பையிலிருந்து வெளியே எடுக்கவே இல்லை. என் பொத்தானை மட்டும் அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்து, இனி என்னால் முடியாது என்று அவளிடம் சொன்னேன். "எது?" என்றாள். அவளுக்குத் தெரியவே தெரியாது. ஆறு வாரமாக நான் அவளைப் பாஸ் பண்ணவைத்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியாது.


நவம்பர் 14, வெள்ளி

எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்கு வேலை. கூடத்தில் முப்பது பேர் காத்திருந்தார்கள். எண்ணிக்கொண்டே போனால், முன்வரிசையில் பேருந்து ஓட்டும்போது போடும் அதே பச்சைக் கோட்டில் டோரீன். பக்கத்தில் ஷெல்பியின் தங்கை டெஸ். டெஸ் பள்ளியில் கடைசி வருடம். இங்கே சேரலாமா என்று பார்க்க வந்திருக்கிறார்கள். டோரீன் உதட்டில் விரலை வைத்துக் கண்ணால் சிரித்தாள். அருகில் வந்து, "ஷெல்பிக்குத் தெரியாது. மத்தியானம் எல்லாருமா சேர்ந்து சாப்பிடப் போலாம்" என்று காதில் சொன்னாள். நாலு மணி நேரம் காரோட்டி வந்திருக்கிறாள். அவள்மேல் அவள் வீட்டு வாசனை.

நடந்தேன். ஏரி, நூலகம், விளையாட்டரங்கம். வாய் தானாகப் பேசியது. நூலக வாசலில் ஒருவர் கையைத் தூக்கிப் பட்டியலைப் பற்றிக் கேட்டார். முப்பது முகங்களுக்கு நடுவே டோரீனின் முகம். நான் சொன்னேன். "எங்கள் மாணவர்கள் படிப்பையும் பொழுதுபோக்கையும் சமமாக..." டோரீன் தலையை ஆட்டினாள். நம்பிவிட்டாள். என்னைப் பார்த்துப் பெருமைப்பட்டாள். அந்தத் தலையாட்டலை என்னால் தாங்க முடியவில்லை.

முடிந்ததும் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு போனை எடுத்தேன். "உங்கம்மா வந்திருக்காங்க. எழுந்து குளி. பாட்டிலை எல்லாம்" என்பது வரை எழுதினேன். அழித்தேன். மறுபடி எழுதினேன். மறுபடி அழித்தேன்.

நியாயம் பார்த்து அனுப்பாமல் இருந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதெல்லாம் இல்லை. களைப்பு. அந்தப் பொய்யைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய் வேண்டும். என்னிடம் ஒன்றுகூட மிச்சமில்லை.

வெளியே வந்து, "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்றேன். எங்கள் தெருவுக்குள் கூட்டிக்கொண்டு போனேன். டெஸ் கூரைமேல் கிடந்த சோபாவை அண்ணாந்து பார்த்துக்கொண்டு வந்தாள். டோரீனின் நடை வேகமாகிக்கொண்டே போனது.

பன்னிரண்டே கால். ஷெல்பி சமையலறைத் தரையில், அடுப்பில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு நாளாக அதே உடை. அம்மாவைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு.

"அம்மா! அங்க பஸ்ஸ யாரு ஓட்டுறா?"

எழுந்தாள். மேசை முனையில் இடுப்பை இடித்துக்கொண்டாள். வலித்த மாதிரியே தெரியவில்லை. டோரீன் சிரிக்கவில்லை. தரையில் இருந்த கோப்பையை எடுத்து முகர்ந்தாள். தொட்டியில் கொட்டினாள். குழாயைத் திறந்து கோப்பையைக் கழுவினாள். துடைத்துக் கவிழ்த்து வைத்தாள். பிறகு திரும்பிக் கேட்டாள். ஷெல்பியை இல்லை, என்னை.

"எத்தன நாளா?"

"கோடைலேர்ந்து. எனக்குத் தெரிஞ்சது அக்டோபர்ல."

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் உங்கிட்ட கேட்டேனே கிரெட்டா."

கண்ணு என்று சொல்லவில்லை. அவள் வாயால் என் பெயரைக் கேட்டதே எனக்கு நினைவில்லை.

ஷெல்பிக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. எல்லாரும்தான் குடிக்கிறார்கள், வேண்டுமென்றால் பக்கத்து வீட்டில் போய்ப் பார் என்று அம்மாவிடம் கத்தினாள்.

"வர்ற வழியில பாத்தேன். அந்த வீடு பூட்டியிருக்கு" என்றாள் டோரீன். "அந்தப் பிள்ளைங்க இந்நேரம் கிளாஸுல இருக்கும்."

ஷெல்பி தரையிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டாள்.

டெஸ்தான் மாடிக்குப் போய்த் துணிகளை ஒரு கூடையில் அள்ளினாள். நான் உதவப் போனேன். "வேணாம்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஒரு மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டார்கள். கார்க் கண்ணாடி வழியாக ஷெல்பி என்னைப் பார்த்தாள்.

"காட்டிக் குடுத்துட்டல்ல" என்றாள். கோபமாக இல்லை. ஏதோ செய்தியைச் சொல்வதுபோல.

இரண்டு மணிக்கு எனக்கு இன்னொரு கூட்டம். போனேன். நடந்தேன்.


நவம்பர் 15, சனி

ஆட்ட நாள். இரண்டு பையன்கள் வந்து ஷெல்பி எங்கே என்றார்கள். ஊருக்குப் போயிருக்கிறாள் என்றேன். "அவ இல்லாம என்ன ஆட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவ்வளவுதான். யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை.


நவம்பர் 27, வியாழன்

நன்றி நாள் விடுமுறை. ஊரில் இருக்கிறேன். அம்மா வான்கோழி செய்தாள். டோரீன் வீட்டைத் தாண்டி இரண்டு முறை காரில் போனேன். இறங்கவில்லை. ஷெல்பி ஆஸ்பத்திரியில் இருக்கிறாளாம், நகரத்தில், குடியை நிறுத்த இருபத்தெட்டு நாள் சிகிச்சை. அம்மா சொல்லித்தான் தெரிந்தது.


டிசம்பர் 3, புதன்

டெஸ்ஸிடமிருந்து செய்தி. மூன்று வாரத்தில் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. பல்கலைக்கழகம் அனுப்பிய கடிதத்தைப் படம் பிடித்து அனுப்பியிருக்கிறாள்.

நோய் காரணமாகச் செப்டம்பரிலிருந்தே விலகியதாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும்படி டோரீன் விண்ணப்பித்திருக்கிறாள். அப்படி எடுத்துக்கொண்டால் ஐந்து பாடங்களிலும் தோல்வி என்று விழாது. எப்போதாவது திரும்பி வந்து படிக்கலாம். மருத்துவர் கடிதமும் வைத்திருக்கிறாள். பதில் வந்திருக்கிறது: நான்கு பாடங்களில் செப்டம்பர் மத்தியிலேயே வருகை நின்றுவிட்டது உண்மை. ஆனால் உயிரியலில் நவம்பர் மூன்றாம் தேதி வரை ஒரு நாள்கூட விடாமல் வந்திருக்கிறார், மதிப்பெண்ணும் நன்றாக உள்ளது. ஆகவே செப்டம்பரிலிருந்து படிக்க இயலாத நிலை இருந்ததாக ஏற்பதற்கில்லை.

கீழே டெஸ் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறாள். "இவ க்ளாஸுக்கே போகலன்னு சொல்றா. அப்ப யாரு போனது?"


டிசம்பர் 4, வியாழன்

டெஸ்ஸுக்கு இன்னும் பதில் எழுதவில்லை.

சொல்லாமல் விட்டால் என்ன ஆகும்? ஷெல்பி இனி இங்கே வரப்போவதே இல்லை என்றால் அந்தத் தோல்விகளால் என்ன? அவள் திரும்பி வர மாட்டாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. எனக்கு வசதியாக இருக்கிறது என்பதால் அப்படி நினைக்கிறேன்.

மேயில் பட்டம். ஜூனில் வேலை. நாற்காலி.


டிசம்பர் 5, வெள்ளி

வகுப்பு முடிந்ததும் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் என்னை உட்காரச் சொன்னார். எத்தனை தடவை என்று கேட்டார். பதினெட்டு என்றேன். எழுதித் தரச் சொன்னார். அங்கேயே, அவர் மேசையிலேயே எழுதினேன். தேதி தேதியாக. என் கையெழுத்து இவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததில்லை.

"அந்தப் பொண்ணு கேட்டாளா?"

"இல்ல சார். அவளுக்குத் தெரியவே தெரியாது."

"நல்லதுன்னு நெனச்சியா?"

"நெனச்சேனான்னே தெரியல சார்."

அவர் தாளை மடித்து உறையில் போட்டார். டீனிடம் அனுப்பியே ஆகவேண்டும், எனக்கு வேறு வழி இல்லை என்றார். தெரியும் என்றேன்.


டிசம்பர் 12, வெள்ளி

விசாரணை இருபது நிமிடம். ஒரு பேராசிரியை, ஒரு அலுவலர், ஒரு மாணவப் பிரதிநிதி. மாணவப் பிரதிநிதிக்குக் கண் சிவந்து கொட்டாவியாக வந்தது. நேற்று எங்கோ நல்ல விருந்து.

உயிரியலில் தோல்வி. கோடையில் மறுபடி எடுக்க வேண்டும். மேயில் பட்டம் இல்லை. ஒழுங்குக் குறிப்பு ஒன்று பதிவேட்டில் இருக்கும். அது இருக்கும்வரை பல்கலைக்கழகத்தின் சட்டையைப் போடக் கூடாது.

சட்டையைக் கொண்டுபோய் நீலிடம் கொடுத்தேன். அவர் அதை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நீ வாயத் தொறக்காம இருந்திருந்தா யாருக்குமே தெரிஞ்சிருக்காதே கிரெட்டா."

"தெரிஞ்சிருக்காது."

"இங்க எத்தன பேரு இதே மாதிரி அழுத்துறாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

ஒன்பது பேர் என்றேன். அவருக்குப் புரியவில்லை. விளக்கவும் தெம்பில்லை. வெளியே பனி விழ ஆரம்பித்திருந்தது. முன்னோக்கிப் பார்த்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். படுத்ததும் தூங்கிவிட்டேன். பதினான்கு மணி நேரம். இதைச் சனிக்கிழமை எழுதுகிறேன்.


ஜனவரி 11, ஞாயிறு

டோரீன் கூப்பிட்டாள். போன் திரையில் அவள் பெயரைப் பார்த்துவிட்டு நாலாவது மணியில்தான் எடுத்தேன்.

விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டுவிட்டார்களாம். "கெடச்சிருச்சு. நீ எழுதிக் குடுத்ததாலன்னு சொன்னாங்க" என்றாள். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம்.

"நன்றின்னு சொல்ல எனக்கு வாய் வரல. சொல்லாமலும் இருக்க முடியல."

பரவாயில்லை என்றேன்.


பிப்ரவரி 8, ஞாயிறு

ஷெல்பிக்கு எழுதினேன். பதில் இல்லை. போன மாதம் எழுதியதற்கும் இல்லை.

கல்லூரி உணவகத்தில் தட்டுக் கழுவும் வேலை. நீராவி. ஒரே இடத்தில் நின்றால் போதும்.


மார்ச் 17, செவ்வாய்

ஐரிஷ் பண்டிகை. இங்கே பச்சைச் சட்டை போட்டுக் குடிக்கும் நாள். காலை ஆறரைக்கே மதுக்கடை வாசலில் வரிசை. வேலைக்குப் போகும் வழியில் ஒரு பெண் நடைபாதை ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள், தலையை முழங்காலில் கவிழ்த்து. பக்கத்தில் உட்கார்ந்தேன். நன்றாக இருக்கிறேன் என்றாள். இல்லை என்றேன். பெயர் கேட்டால் இரண்டு முறை தப்பாகச் சொன்னாள். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அவளுடைய தோழிகள் வந்து என்னைத் திட்டினார்கள். கொண்டாட்டத்தையே கெடுத்துவிட்டேனாம். வண்டி வரும்வரை எழுந்திருக்கவில்லை. வேலைக்குத் தாமதம்.


மார்ச் 29, ஞாயிறு

டெஸ்ஸிடமிருந்து செய்தி, இந்தத் தடவை கொஞ்சம் நீளம். ஊருக்குப் பக்கத்துக் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டாளாம். "உங்க ஊரப் பாத்து பயந்துக்கிட்டு இல்ல. வீட்ல ஆள் வேணும்." ஷெல்பி பிப்ரவரியில் மறுபடி குடித்து, மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தாளாம். டோரீன் இரவில் தூங்குவதில்லை. ஷெல்பி எடுத்துக்கொண்டு போய்விடாதபடி கார்ச் சாவியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறாள் என்று எழுதியிருக்கிறாள்.

இரண்டு முறை படித்தேன். நான் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருக்கிறேன் போலும். அதுவும் இல்லை.


ஏப்ரல் 20, திங்கள்

தூங்கினேன். வேலைக்குப் போனேன். தூங்கினேன்.


மே 16, சனி

பட்டமளிப்பு நாள். தெருவெல்லாம் கறுப்பு அங்கிகள், தாத்தாக்கள், பூங்கொத்துகள். நான் வீட்டில்தான் இருந்தேன். ஷெல்பியின் கட்டிலையும் மேசையையும் எடுத்துப்போக வருகிறோம் என்று டோரீன் நேற்று ஒரு வரி அனுப்பியிருந்தாள். யார் யார் என்று எழுதவில்லை.

பதினொரு மணிக்கு வண்டி வந்தது. டோரீனோடு ஷெல்பியே இறங்கினாள். முகம் கொஞ்சம் ஊதியிருந்தது. முடியை வெட்டியிருந்தாள். ஆறு மாதமாக என்ன பேசலாம் என்று யோசித்துவைத்திருந்தேன். "கட்டில் ஸ்க்ரூவக் கழட்டிட்டியா?" என்றாள். கழற்றிவிட்டேன் என்றேன்.

கட்டில் சட்டத்தைப் படியில் இறக்கும்போது எதிர்வீட்டுக் கூரையிலிருந்து பையன்கள் அவளைப் பார்த்துவிட்டார்கள். பெயரைச் சொல்லிக் கூவினார்கள், மேலே வா, ஒன்று ஊற்றி வைத்திருக்கிறோம் என்று. ஷெல்பி கையை ஆட்டினாள். "அம்மா கூட வந்திருக்கேன்டா, விடுங்கடா" என்று சிரித்தாள். பழைய சிரிப்பு. வண்டிக்குப் பின்னால் வந்ததும் சட்டத்தைக் கீழே வைத்துவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மூச்சு வாங்கியது.

"பத்தொம்பது நாளா குடிக்கல" என்றாள். "இதுக்கு முன்னாடி முப்பத்தொண்ணு வரைக்கும் போனேன். அது போச்சு. அதுக்கும் முன்னாடி ஒரு தடவ. இப்ப பத்தொம்பது."

"ம்."

"உன்மேல கோவம் போகல."

"சரி."

"என்ன சரி? எதையாவது சொல்லேன்டி."

"அன்னிக்கு உனக்குத் தகவல் சொல்லியிருக்கலாம். டைப் பண்ணேன். அனுப்பல. மறுபடி அதே நாள் வந்தாலும் அனுப்ப மாட்டேன்."

அவள் எழுந்தாள். "தெரியும்" என்றாள். பிறகு, "அந்தப் பக்கத்தப் பிடி, தூக்கலாம்" என்றாள். தூக்கினோம்.

டோரீன் கூடையிலிருந்து பாலாடைக்கட்டி வைத்த ரொட்டிகளை எடுத்தாள். மூன்றுதான் இருந்தன. ஒன்றை என் கையில் வைத்தாள். வண்டியின் பின்கதவைக் கீழே சாய்த்து அதன்மேல் உட்கார்ந்து தின்றோம். டோரீனின் கண்ணுக்குக் கீழே அடித்துப்போட்டதுபோலக் கறுப்பு. ஆறு மாதத்தில் பத்து வயது கூடியிருக்கிறது. கிளம்பும்போது என் தோளில் கையை வைத்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

நான் அந்தக் காலி அறையைப் பெருக்கிக்கொண்டிருந்தபோது போனில் செய்தி வந்தது. மூன்றரை மணி. ஷெல்பி.

"பெட்ரோலுக்கு நிறுத்தியிருக்கேன். பாதி தூரம் வந்தாச்சு. அம்மா பக்கத்துல நல்லாத் தூங்குறாங்க. நாந்தான் ஓட்டுறேன்."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து படித்தேன். இன்னொரு முறை படித்தேன். பதில் அனுப்பவில்லை. வண்டி ஓட்டும்போது அவள் போனைப் பார்க்கக் கூடாது.